வானொலி வாயை மூடிய நாள்

அந்தப் படகோட்டிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. வானொலி என்றால்தான் தெரியும். வானொலியையாவது திருகி நிறுத்தலாம். இவரை நிறுத்த வழியே கிடையாது.

அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து போகும் ஓடைகளில் ஓர் ஆய்வாளரம்மாவை ஏற்றிப் போவது அவர் வேலை. அந்த அம்மா ஒரு வெள்ளைத் தொட்டியைத் தண்ணீர்மேல் கவிழ்த்து மிதக்க விடுவார். ஓடையிலிருந்து கரியமில வாயு எவ்வளவு மேலே வருகிறது என்று தொட்டிக்குள் இருக்கும் கருவி சொல்லும்.

"தண்ணியும் நம்மள மாதிரி மூச்சு விடுதாம்," என்று மனைவியிடம் சொன்னார்.

"விடட்டுமே. உங்கள மாதிரி பேசிக்கிட்டேவா விடுது?" என்றாள் அவள்.

வினை அந்த மூச்சில்தான் வந்தது. ஒரு வாரமாக ஒரே ஓடையில் எண் எகிறிக்கொண்டே போனது. அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பிறகுதான் கவனித்தார். ஒவ்வொரு அளவுக்கும் முன் தொட்டியைக் காற்றாடத் தூக்கிப் பிடிக்கும் வானொலி, முகத்தை அதற்குள் விட்டபடி சம்பந்தி வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எகிறியது ஓடையின் மூச்சல்ல, சம்பந்தி கதை.

"இனி வேலை நடக்கும்போது ஒரு வார்த்த பேசினாலும் உங்க மச்சான் படகக் கூப்பிட்டுக்குவேன்!"

மச்சான், மனைவியின் அண்ணன். அடித்துக் கேட்டாலும் ஒரு சொல்லுக்குமேல் உதிர்க்க மாட்டார். பிழைப்பு போவதைக்கூட வானொலி தாங்கிக்கொள்வார். அது அந்த ஊமைக்கோட்டானிடம் போவதைத் தாங்கமாட்டார்.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடல் இறங்கும் நேரம். தண்ணீர் வற்ற வற்றத்தான் வாயு அதிகம் கிளம்பும் என்பதால் அம்மா தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படகுக்கடியில் சேறு உரசியது. வானொலி வாயைத் திறந்தார். அம்மா உதட்டில் விரலை வைத்தார். வானொலி கையை ஆட்டித் தண்ணீரைக் காட்டினார். எதிர்க்கரைக் கொக்கைக் காட்டுகிறார் என்று நினைத்து அம்மா சிரித்துத் தலையாட்டினார். மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

படகு சேற்றில் சப்பென்று உட்கார்ந்த பிறகுதான் அம்மா நிமிர்ந்தார்.

"ஏங்க, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார்.

"ஐயோ, பேசித் தொலைங்க!"

மடை திறந்தது. அந்த வெள்ளத்தில், தண்ணீர் ஏறும்வரை வேறு எந்தப் படகும் உள்ளே வர முடியாது என்ற ஒரே உருப்படியான சேதியும் அடித்துக்கொண்டு போயிற்று. அம்மா காதைப் பொத்திக்கொண்டு மச்சானைக் கைப்பேசியில் கூப்பிட்டு, மாட்டிக்கொண்ட இடத்தைச் சொன்னார். "ம்" என்றது மறுமுனை. அந்த 'ம்'மை நம்பி வெயிலில் காய்ந்ததுதான் மிச்சம். கடல் ஏறி, படகு தானாக மிதந்து, கரைக்கு வந்தால் மச்சான் படித்துறையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன் வரல?" என்றார் அம்மா.

"தண்ணியில்ல."

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"ம்."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கும் நீங்களே வாங்க," என்றார் வானொலியிடம். "தொட்டிய நான் தூக்கிக்கிறேன். நீங்க முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு என்ன வேணா பேசுங்க."

வானொலிக்கு நாளைவரை பொறுக்கவில்லை. சந்தோஷத்தில் அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கம் மச்சான் இருந்தார்.