சொப்பனக்காவின் சங்கிலி

பெட்டியின் மேல் இடது கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் சொப்பனக்கா. வலது கையில் செல்போன். பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைப் படம் பிடித்தாகிவிட்டது. பறித்த தோட்டம், அன்று பெய்த மழை, ஏற்றிய வண்டி எல்லாம் திரைக்கு வந்துவிட்டன. அவர்தான் இன்னும் வந்து சேரவில்லை. குளிர்கிடங்கின் வெள்ளைப் புகைக்கு நடுவே, ஏதோ ஒரு திராட்சைப் பந்தலுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறார்.

“இப்பத்தான் பந்தல்ல வெயில் விழுது. கொஞ்சம் இருங்க” என்று, கிடங்கைப் பார்க்க வந்திருந்த என்னை அதட்டினார்.

கிடங்கில் இருப்பவர்கள் சும்மாவா இப்படிப் பெயர் வைத்தார்கள்! மண்ணைக் கெடுக்காமல் விளைவித்த பழங்கள் வந்திறங்கியதும், ஊசி வெப்பமானியைப் பழத்துக்குள் செருகிச் சூடு பார்த்து, அதைப் பிளாக்செயினில் ஏற்றுவது அவர் வேலை. அவருக்கு அது வெறும் ‘சங்கிலி’. தோட்டக்காரர், வண்டிக்காரர், கடைக்காரர் எல்லோரிடமும் ஒரே பதிவு இருக்கும். யாரும் கமுக்கமாக மாற்றிவிட முடியாது. ஒருமுறை பந்தலிலேயே நின்றுவிட்டவர், பழத்துக்குப் பதிலாகத் தன் உள்ளங்கைச் சூட்டை ஏற்றிவிட்டார். கீழே திருத்தம் சேர்க்கலாமே தவிர, ஏற்றியதை அழிக்க முடியாது.

“காய்ச்சல் கண்ட திராட்சை இன்னும் அங்கயேதான் படுத்திருக்கு” என்று சிரிக்கிறார். எனக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போனது.

அடுத்து வந்த குளிர்வண்டியை ஓட்டிவந்தது அவருடைய தம்பி. பெட்டிகளை இறக்கி அடுக்கிய பிறகும் ஆளுக்கு முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“வழியில நிறுத்திக் கண்ணசந்துட்டேன்க்கா. கூலிங் நின்னுபோனது தெரியல. ரெண்டு டிகிரின்னு போட்டுடு. ஏற்கெனவே ஒரு தடவை ஆயிடுச்சு, இப்ப வண்டியையே பிடுங்கிடுவாங்க.”

அக்கா ஊசியைச் செருகினார். ஒன்பது டிகிரி. இவ்வளவு சூடேறிய சரக்கைக் கிடங்கு எடுக்காது. பழம் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. ரெண்டு என்று போட்டால் குடியா முழுகிவிடும் என்று எனக்கே தோன்றியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “யாரோ ஒருத்தி நம்பி வாங்கிட்டுப் போறாடா. வீட்டுல பிரிச்சுப் பார்க்கிறா. உள்ள அழுகிக் கிடக்கு.”

“அவ யாரோ. நான் உனக்கு யாரு?”

“நீ என் தம்பிடா.”

சொல்லிவிட்டு ஒன்பதை அழுத்தினார். பதிவாகிவிட்டதென்று திரையில் பச்சை விளக்கு வந்து போனது. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி அத்தனை சரக்கையும் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்ற அவர் ஒருவர்தான்.

சொப்பனக்கா செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கத்தைப் பிடிக்கத் தம்பி வரும்வரை குனிந்தபடியே நின்றார்.