கல்மரத்துக்கு அடியில் கல் இல்லை

மாசி அமாவாசை, காலை ஆறு பத்து, செஞ்சி பேருந்து நிலையம். ஆள் ஒன்று, பை ஒன்று, பேருந்து பூஜ்யம். இருந்த வண்டியெல்லாம் அமாவாசைக் கூட்டத்துக்காக மேல்மலையனூர்க் கோயிலுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. நான் நாள்காட்டி பார்க்காமல் கிளம்பிவிட்டேன். நீங்கள் பார்த்துவிடுங்கள்.

போக வேண்டியது திருவக்கரை கல்மரப் பூங்கா. கட்டட அடித்தளத்துக்கு மண் சோதிப்பது என் வேலை. முதல்நாள் ஏறிய செஞ்சிக் கோட்டைப் பாறைக்கு இருநூறு கோடி ஆண்டுக்கும் மேல் வயது. அது கிழக்கே எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது, அதன்மேல் என்ன படிந்தது என்று பார்க்க ஆசை.

ஆட்டோக்காரர் ஏழுமலை போக வர ஆயிரத்து அறுநூறு கேட்டார். சுமார் நாற்பது கிலோமீட்டர். பேரம் பேசப் பொறுமையில்லை, ஏறிவிட்டேன்.

மயிலம் தாண்டியதும் பாறைக் குன்றுகள் நின்றுவிடுகின்றன. சாலையோரப் பள்ளம் ஒன்றில் இறங்கிப் பார்த்தேன். மேலே செம்மண், நடுவே கூழாங்கல் வரி, கீழே கையிலேயே உதிரும் மணற்கல். எல்லாம் ஒரு பழைய ஆறு கொட்டிவிட்டுப் போனது.

பூங்காவில் மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை. வெள்ளம் உருட்டி வந்து மணலில் புதைத்தவை. புதைந்து சுமார் இரண்டு கோடி ஆண்டு; கல்லாகிவிட்டன.

ஏழுமலைக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தியா சார், மரமே கல்லா இருக்குது. அப்ப அடியில எவ்ளோ கல்லு இருக்கும்! நாளைக்கு நம்ம கொல்லையில போர் போடறோம். செஞ்சியிலேர்ந்து பாறை தொளைக்கிற போர் வண்டி வருது. கேசிங் குழாய் நாப்பது அடி போதும்னு சொல்லிட்டேன்.”

“கொல்லை எங்க?”

“தோ, அந்தப் பனைமரத்தாண்ட. வூட்டுக்காரிக்கு அவங்க நைனா குடுத்தது. கெணறு வத்திப்போச்சு. மல்லாட்டை பூ வெச்சி நிக்குது, சார்.” வேர்க்கடலையைச் சொல்கிறார்.

செஞ்சியில் மேல்மண் ஆழத்துக்குக் குழாய் இறக்கினால் போதும். அதற்குக் கீழே பாறைத் துளை தானே நிற்கும். இங்கே கல்லாக இருப்பது மரம் மட்டும்தான்; சுற்றிலும் மணல்.

“போட்டா இடிஞ்சி மூடிக்கும். வேணாம்,” என்றேன்.

“இன்னா சார், ஊர் பாக்க வந்துட்டு வயித்துல அடிக்கிற?”

திரும்பும் வழியில் அதே பள்ளத்தில் நிறுத்தச் சொன்னேன். உதிர்ந்த மணலில் விரலால் துளை போட்டேன். மூடிக்கொண்டது. அவரும் போட்டார். மூடிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி மறுபடி போட்டுப் பார்த்தார்; கரைந்து மூடிக்கொண்டது. பிறகு போனை எடுத்தார்.

போர் வண்டி ஏஜெண்டின் குரல் எனக்கே கேட்டது. “வேணான்னு யாருய்யா சொன்னது?”

“மச்சான். மண்ணு இன்ஜினியரு.”

“உனக்கு ஏதுய்யா மச்சான்?”

“இன்னிலேர்ந்து இருக்குது.”

இனி நான் செய்யப்போவது:

1. திருவக்கரைப் பக்கத்துத் தோட்டங்களில் யார் போர் போட்டது என்று விசாரித்து, ரோட்டரி வண்டி பிடிப்பது. அது சேற்றுத் தண்ணீரால் சுவரைத் தாங்கிக்கொண்டே துளைக்கும். குழாயை அடிவரை இறக்கலாம்.

2. அடுத்த முறை அமாவாசை பார்த்துக் கிளம்புவது. தொப்பியும் எடுத்துக்கொள்வது, பூங்காவில் நிழல் குறைவு.

3. போர் போடும் அன்று லீவு எடுத்துக்கொண்டு வந்து நிற்பது. தண்ணீர் வரும் என்று நான் சொல்லவில்லை, ரோட்டரி போட்டால் துளை நிற்கும் என்றுதான் சொன்னேன். ஆனால் மச்சான் என்று சொல்லிவிட்டார். பூ காய்வதற்குள் தண்ணீர் வந்தாக வேண்டும்.