வலிக்கிறது என்று அவள் சொன்னாள்

முதல் அறிகுறியை நான் சோம்பல் என்று நினைத்தேன். என் மனைவி ரோஸ்லின் காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்தபடி சற்று நிற்பாள். நாற்காலியிலிருந்து எழும்போது தொடையில் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவாள். ஐம்பத்தேழு வயதுக்கு இது அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

அவளுக்குப் பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு. மலேசியாவின் கிள்ளானில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத, குளிரூட்டிய அறை. காலையில் காரில் கொண்டுபோய் விடுவேன். மாலையில் அழைத்து வருவேன். காருக்கும் கடைக்கும் இடையிலிருந்த பத்தடிக்கும் முகம் கறுத்துவிடும் என்று குடை பிடிப்பாள்.

தொடையும் இடுப்பும் வலிப்பதாகச் சொன்னபோது கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் திரையைப் பார்த்தபடியே, "சுகர் இருந்தா நரம்பு வலி வரும், ஆன்டி. வெயிட்டும் கூடியிருக்கு. தினமும் நடங்க" என்றார். நான் பள்ளி அலுவலகத்தில் முப்பது ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவன். சொன்னதை அப்படியே நிறைவேற்றிப் பழகியவன்.

மறுநாளிலிருந்து, வெயில் தாழ்ந்ததும், வீட்டருகே இருந்த திடலில் அவளை நடக்க வைத்தேன். ஐந்து சுற்று. அவள் இரு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

"எலும்புக்குள்ள வலிக்குதுங்க. நரம்பு வலி மாதிரி இல்ல."

"சாக்கு சொல்லாத லா. நடந்தாத்தான் சுகர் எறங்கும். இன்னும் ரெண்டு ரவுண்டுதான்."

ஆறு வாரம் இப்படிப் போயிற்று. சர்க்கரை இறங்கியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாலை, மூன்றாவது சுற்றில், இடது காலை ஊன்றியவள் அப்படியே சரிந்தாள். கல் தடுக்கவில்லை. தரை ஈரமாகவும் இல்லை.

மருத்துவமனையில் எலும்பு டாக்டர், இளம்பெண், எக்ஸ்ரே படத்தை எங்களுக்குக் காட்டினார். இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பு முறிந்திருந்தது.

"ஆன்டி விழுந்ததால ஒடியல, அங்கிள். ஒடிஞ்சதாலதான் விழுந்திருக்காங்க. இந்த விரிசல் பல வாரமா இருந்திருக்கு. வலிக்குதுன்னு சொல்லலையா?"

படுக்கையில் கிடந்தவள் கூரையைப் பார்த்தபடி, "சொன்னேன்" என்றாள். அந்த ஒரு சொல்தான்.

ரத்தத்தில் வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது. ஆஸ்டியோமலேசியா (சுண்ணாம்புச் சத்து சரியாகப் படியாமல் எலும்பு மென்மையாகிப்போவது) என்றார் டாக்டர். தசையும் தளர்ந்துபோகுமாம். அவள் சாய்ந்து நடந்ததற்கு அதுதான் காரணம். நீண்டநாள் நீரிழிவு தன் பங்குக்கு எலும்பின் தரத்தைக் கெடுக்கும். அடர்த்திச் சோதனையில் நன்றாகத் தெரியும் எலும்புகூட எளிதில் ஒடியலாம் என்றும் சொன்னார்.

"இந்த ஊரு வெயில்லயா, டாக்டர்?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"வெயில் ஊர்ல இருக்கு, ஆன்டி. உங்க மேல படலையே."

பதினெட்டு ஆண்டுகளாகக் கண்ணைப் பார்த்தார்கள், பாதத்தைப் பார்த்தார்கள், சிறுநீரகத்தைப் பார்த்தார்கள். எலும்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர்கள் யாரும் அவளோடு ஒரே வீட்டில் வாழவில்லை. நான் வாழ்ந்தேன்.

எலும்பில் உலோகத் தண்டு வைத்தார்கள். சர்க்கரையால் புண் ஆறவில்லை. சீழ் பிடித்து மறுபடியும் திறந்தார்கள். இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. தையல் இயந்திரத்தின் மிதியை அழுத்த முடியவில்லை. கடையில் அவள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள்.

வாரம் ஒரு மாத்திரை வைட்டமின் டி, தினமும் சுண்ணாம்புச் சத்து. நாலைந்து மாதத்தில் எலும்பு வலி அடங்கியது. நான் சாக்கு என்று சொன்ன வலியைத் தீர்க்க அவ்வளவுதான் தேவைப்பட்டது.

உங்கள் வீட்டில் நீரிழிவுக்காரர் ஒருவர் எலும்புக்குள் வலிக்கிறது என்றால், படியேறத் திணறினால், எல்லாவற்றையும் நரம்பின் தலையில் போடாதீர்கள். எலும்பையும் வைட்டமின் டியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் அதுவும் கெடுதல். எல்லாவற்றுக்கும் முன்னால், அவர் சொல்வதை நம்புங்கள்.

சென்ற மாதம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் சாலையைக் கடந்தோம். பச்சை விளக்கில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பாதி தூரம்கூட வரவில்லை. ஐந்து, நாலு, மூன்று. நான் பதறி அவள் முழங்கையைப் பற்றினேன்.

"இழுக்காதீங்க" என்று கையை விலக்கினாள்.

விளக்கு சிவப்பானது. ஒரு லோரி ஹாரன் அடித்தது. அவள் ஊன்றுகோலை முன்னால் வைத்தாள், நல்ல காலை எடுத்து வைத்தாள், மற்றதை மெல்ல இழுத்துச் சேர்த்தாள். நடுச்சாலையில், வாய் திறக்காமல், நான் காத்துக்கொண்டு நின்றேன்.