தோளில் வைத்து அடிப்பது

என் தம்பி கடையநல்லூரிலிருந்து கிடங்கு வேலைக்கு என்றுதான் வெளிநாடு போனான். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சண்டை நடக்கிற எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கும் கிடங்குதான், உள்ளே இருந்தவை பீரங்கிக் குண்டுகள். உம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான். கம்பெனியில் சாமான் ஏற்றுகிறான் என்றே நானும் சொல்லி வைத்தேன்.

தென்காசியில் அக்கா நான் நடத்தும் தையல் கடைக்கு மத்தியானங்களில் போன் போட்டுப் பேசுவான். பயத்தைப் பற்றிச் சொல்ல மாட்டான், குண்டுகளைப் பற்றித்தான் சொல்லுவான். பெரிய பீரங்கிக் குண்டைப் பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க முடியுமாம். பீரங்கியிலிருந்து அதை வெளியே தள்ளிவிடும் மருந்து தனிப் பையில் வருமாம். டாங்கியை உடைக்க வேறு வகைகள். ஒன்றில் செம்புத் தகட்டைப் புனல்போல வைத்திருப்பார்கள். வெடித்ததும் அந்தச் செம்பு ஊசியாகப் பாய்ந்து இரும்பைத் துளைத்துவிடும். இன்னொன்றில் வெடிமருந்தே கிடையாது, கனத்த கம்பி மட்டும். வேகத்திலேயே கிழித்துக்கொண்டு போகும். டாங்கிக்குள் இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினான்.

சாரல் நாளொன்றில் உம்மாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவள் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. வண்டிகள் நிற்கும் இடம்வரை ஓடினேன்.

“லாத்தா, தோள்ல வச்சு அடிக்கிற குழாயத் தந்துருக்காங்க. நாளைக்கு முன்னால அனுப்புதாங்க.”

“முடியாதுன்னு சொல்லுலே.”

“யார்ட்ட சொல்ல? அவங்க பேசுதது எனக்குப் புரியல. டாங்கி பக்கத்துல வந்தாத்தான் இத அடிக்க முடியும் லாத்தா.”

உம்மா ஈரத் தலையோடு வந்து போனை வாங்கினாள். அவளிடம் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவே இல்லை.

மாதங்கள் கழித்து, அவனோடு இருந்த புனலூர்க்காரர் ஒருவர் காலில் அடிபட்டு ஊர் திரும்பினார். செங்கோட்டை வழியாக ரயிலில் போய் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒரே குழியில் இருந்திருக்கிறார்கள். இவர் தண்ணீர் எடுக்கப் பின்னால் போயிருக்கிறார். டாங்கி கிட்டவே வரவில்லையாம், தூரத்தில் நின்றே சுட்டதாம். தம்பி அந்தக் குழாயை ஒருமுறைகூட அடிக்கவில்லை. எடுத்துவர அங்கே எதுவும் மிஞ்சவில்லை என்றபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“மையத்து வருமா?”

உடல் வராது என்றேன்.

“அப்பம் எதப் பாத்து நான் அழ?”

பள்ளிவாசலில் உடல் இல்லாமலே ஜனாஸா தொழுதார்கள். தொழுகை முடிந்து வந்தவர்களிடம் உம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனால், அவன் இறந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள் கலெக்டர் அலுவலகத்தில். அப்படியொரு ஆள் வரவே இல்லை என்கிறார்கள் அந்த நாட்டில். முதலில் அடிக்கடி போய் விசாரித்தேன். இப்போது போவதில்லை.