ஜப்பான்காரன் வேஷம் கட்டிய வீரையா மாமா

வீரையா மாமா போய்விட்டார். இன்று விடியற்காலை, புக்கிட் காதில் வீட்டில், தூக்கத்திலேயே.

அவர் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்துவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடு தேடு என்று தேடினேன்... சாவி கையில்தான் இருந்தது.

காஜா பெராங்கில் டயர் கடை வைத்திருந்த வீரையா என்றால் பாதிப் பேருக்குத் தெரியும். ‘ஜப்பான்காரன் வீரையா’ என்றால் மலாக்காத் தமிழர் எல்லாருக்கும் தெரியும்.

தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கோயில் மண்டபத்தில் வருஷா வருஷம் ஒரு நாடகம் போடுவோம். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன கதை. லோரியில் ஏற்றப்படும் அப்பா நான். என்னைப் பிடித்து ஏற்றும் சிப்பாய் மாமா.

சிப்பாய் வேஷத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான். ஊர் சாபத்தை யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? மாமாதான் தானாக வந்து கேட்டார். அறுபது வயதில் சிப்பாயா என்று சிரித்தோம். அவர் ஸ்டேஜில் ஏறி “பகேரோ!” என்று ஜப்பான் வசவில் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்... பின்னால் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

“எங்க மாமா கத்துக்கிட்டீங்க?”

“கத்துக்கல லா. காதுலயே இருக்கு. எங்கப்பாவ ஏத்துறப்ப அவன் இப்படித்தான் கத்துனான்.”

அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஆறு வயதில், அப்பாவோடு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போன இடத்தில் லோரி வந்து நின்றிருக்கிறது. அப்பாவை ஏற்றிவிட்டார்கள். பிள்ளை கிழங்கைத் தூக்கிக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்திருக்கிறது.

அப்பா திரும்பவே இல்லை. செத்துப்போனார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. மாமாவின் அம்மா கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாராம்.

மாமாவும் திதி கொடுத்ததே கிடையாது. ஆடி அமாவாசைக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுவார். “வீட்டுக்கே வராத ஆளுக்கு என்னத்தடா திதி? போடா வேலையப் பாத்துக்கிட்டு!”

ஒரு வருஷம் முன் வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருத்தர் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஸ்டேஜில் ஏறிவிட்டார். “பாவிப் பயலே, எம்புருசன எங்கடா கொண்டு போன?” தோளில், முதுகில், சரமாரியாக அடி. தடுக்க ஓடினோம். மாமா கையைக் காட்டி எங்களை நிறுத்திவிட்டார். அந்த அம்மாவுக்குக் கை ஓயும்வரை தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு... தைலம் தேய்த்துக்கொண்டே திட்டினேன். “உங்களுக்கு என்ன கிறுக்கா மாமா?”

“விட்றா. இத்தன வருசமா அடிக்க ஆள் கெடைக்கல அவங்களுக்கு. இன்னிக்கி நல்லா தூங்குவாங்க.”

மறுநாள் அந்த அம்மா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு டயர் கடை வாசலில் நின்றார். மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

மாமா நடித்த கடைசி வருஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை...

அன்றைக்கு ஆயர் குரோ பேக்டரியில் ஷிப்ட் முடித்து அப்படியே ஓடிவந்து மேக்கப் போட்டேன். லோரி காட்சி. மாமா என் சட்டையைப் பிடித்தார். கத்த வேண்டிய இடம். கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டயலாக் மறந்துவிட்டார் போல என்று நான் மெதுவாக எடுத்துக் கொடுத்தேன்.

மாமா பிடியை விட்டார். கசங்கின சட்டையைக் கையாலேயே நீவிவிட்டார்.

“போங்க,” என்றார். “வீட்டுக்குப் போங்க.”

ஜப்பான் சிப்பாய், தமிழில், மரியாதையாக... ஒருத்தரும் சிரிக்கவில்லை.

திரைக்குப் பின்னால் டைரக்டர் பல்லைக் கடிக்கிறார். “டேய், லோரியில ஏறுடா!” எப்படி ஏறுவேன், சொல்லுங்கள்? நான் திரும்பி வீட்டு செட்டுக்கு நடந்தேன்.

அங்கே என் மனைவியாக நடித்த சாந்தா உட்கார்ந்திருந்தாள். அப்பா திரும்பி வருகிற காட்சியை நாங்கள் எழுதியதே இல்லை. அவளுக்குச் சொல்ல டயலாக் கிடையாது. பேந்தப் பேந்த விழித்தாள். பிறகு எழுந்து வந்து, “வந்துட்டீங்களா... கை கழுவிட்டு வாங்க, கெழங்கு அவிச்சிருக்கேன்” என்றாள்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். காட்சிக்காக வைத்திருந்த, ஆறிப்போன கிழங்கு. ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மாமா அந்த யூனிபார்மோடு ஓரமாக நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி, ஏங்கி ஏங்கி. திரை இழுக்கிறவனும் அழுதுகொண்டிருந்தான். யாரும் திரையை மூடவில்லை.

டைரக்டர் திட்டித் தீர்த்தார். மாமா யூனிபார்மை மடித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் நடிக்கவில்லை.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு முதல் நாள் எனக்குப் போன் வந்தது.

“டேய், நாளைக்கி லீவு போடு. கடலுக்குப் போகணும். அப்பாவுக்குத் திதி குடுக்கணும்.”

“என்ன மாமா, திடீர்னு?”

“அதான் வீட்டுக்கு வந்துட்டாருல்ல... சாப்ட்டாருல்ல. இனிமே குடுக்கலாம்.”

நாளைக் காலை மாமாவை எடுக்கிறார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

போய்ட்டு வாங்க மாமா... உங்கப்பாவப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க.