பச்சை என்று நான் நினைத்த நிறம்

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சென்ற வருடம் விழுப்புரத்திலிருந்து ஒரு மீன் தொட்டியும் ஆறு தங்கமீன்களும் வாங்கி வந்தோம். தண்ணீரின் பிஎச் அளவைப் பார்க்க ஒரு சோதனை மருந்தும் கொடுத்தார்கள். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சில சொட்டுகள் விட்டால் நிறம் மாறும். பச்சை வந்தால் நல்லது. ஆரஞ்சு வந்தால் அமிலம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

வாரந்தோறும் நானே பார்ப்பேன். என் கண்ணுக்கு எப்போதும் பச்சைதான். அந்தத் தைரியத்தில் மூன்று மாதம் தண்ணீரே மாற்றவில்லை.

ஒரு ஞாயிறு காலை மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. சோதித்துவிட்டு, "தண்ணி நல்லாத்தான் இருக்குது" என்றேன். என் மனைவி செல்வி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இன்னாங்க இது, ஆரஞ்சைப் போயி பச்சைன்னு சொல்லிக்கினு இருக்கீங்க?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டாரும் ஆரஞ்சு என்றபோதுதான் நம்பினேன்.

மொத்தத் தண்ணீரையும் கொட்டப்போன என்னைத் தடுத்து, செல்வி மீன் கடைக்காரருக்குப் போன் செய்தாள். "ஒரேயடியா மாத்தினா மீன் தாங்காதுங்க. தெனம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க" என்றார். அப்படியே செய்தோம். ஒரு மீன் போய்விட்டது, ஐந்து பிழைத்தன.

பிறகு கண் மருத்துவரிடம் போனேன். சிவப்பு, ஆரஞ்சு நிறங்களைப் பச்சையிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்குப் பிறவியிலிருந்தே வராதாம். நாற்பத்திரண்டு வயது வரை அது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

இப்போது சொட்டு விடுவது நான், நிறம் சொல்வது செல்வி. பச்சை என்று அவள் சொன்னாலும் வாரம் ஒரு வாளி தண்ணீரை மாற்றிவிடுகிறேன். அன்று அவள் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்ததற்கு இன்னமும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.