என் செல்கள் தேறவில்லை

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் மச்சினன் பழனிசாமி கைத்தடி இல்லாமல் நடந்து வந்தபோது எனக்கு முழங்கால் வலிக்கவில்லை. வேறெங்கோ வலித்தது.

இருவரும் விழுந்தது ஒரே பைக்கிலிருந்து. கொடுமுடிக்குப் போகும் வழியில் அவன் ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து, எப்படி ஓட்டுவதென்று சொல்லிக்கொண்டு வந்தேன். இருவருக்கும் வலது முழங்காலில் குருத்தெலும்பு (எலும்பு முனைகள் உரசாமல் காக்கும் வழுவழுப்பான உறை) நாணய அகலத்துக்குப் பெயர்ந்துவிட்டது. அந்த உறையின் நல்ல இடத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, அதன் செல்களை ஆய்வகத்தில் சில வாரங்கள் வளர்த்து, பள்ளத்தில் பதிப்பதாக டாக்டர் சொன்னார்.

பழனிசாமி படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். நான் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் தர ஆய்வாளனாக இருந்து, ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு பெற்றவன். ஒரு வார்ப்பில் சந்தேகம் வந்தாலும் அதோடு வந்த முழு லாட்டுக்கும் சிவப்புச் சாயம் பூசித் திருப்பி அனுப்பியவன். மூன்று முறை படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

குரோமோசோம் சோதனையில் (செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளை எண்ணிப் பார்ப்பது) அவன் செல்கள் தேறின; முழங்காலில் பதித்துவிட்டார்கள். என் செல்கள் சிலவற்றில் ஓர் இழை கூடுதலாக இருந்தது.

"உங்க ஒடம்புல கொறை இல்லீங்க. வெளிய பெருகறப்போ சிலது கணக்குத் தப்பிருது. அது கெடுதல் பண்ணுமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. சந்தேகம் இருக்கறத நான் உள்ள வெக்க மாட்டேனுங்க" என்றார் டாக்டர்.

வாழ்நாள் முழுவதும் நான் பிறரிடம் சொன்ன வாக்கியம். கேட்கும் பக்கம் நின்றது அன்றுதான்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: அந்தச் சோதனைத் தாள் உங்கள் உடம்பின் மீதான தீர்ப்பு அல்ல, ஒரு தட்டில் வளர்ந்த செல்களைப் பற்றியது. எனக்கு இது புரியச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் பழனிசாமி தோட்டத்துக்கே நடக்க ஆரம்பித்துவிட்டான்.

என் கதையைக் கேட்டு அவனுக்குப் பயம் பிடித்தது. தன் சோதனைக் கோப்போடு துடியலூரில் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, எனக்குள்ள வெச்சது நல்லதுதானுங்களா? நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

முதல் பக்கத்திலேயே இருந்தது: எண்ணிய செல்கள் அனைத்தும் இயல்பு. நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"வெச்சுட்டுப் போ மாப்ளே. நல்லாப் பாக்கோணும்."

நான்கு நாள் பார்த்தேன். அவன் பயந்து மறுபடி கைத்தடி எடுத்துவிட்டதாக என் மனைவி சரசு சொன்னாள். அன்று எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது. மூன்றாவதை வைக்காமல் சரசு என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க, அதுல என்ன போட்டிருக்குது?"

சொன்னேன்.

"அவனுக்குக் காலு நல்லாயிட்டா உங்களுக்கு என்னங்க கொறைஞ்சு போச்சு?" என்று போனை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பழனிசாமி தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். எல்லாம் சுத்தம் என்றேன்.

"எப்போ பாத்தீங்க?"

"நீ குடுத்த அன்னிக்கே."

"நாலு நாளாக் காலைத் தரையில வெக்கவே பயந்துபோட்டேனுங்க மாமா" என்றான். தன் தடியை மூலையில் இருந்த என் தடியின் பக்கத்தில் சாய்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனான். பிறகு எடுக்க வரவேயில்லை.

என்னிடமிருந்து மறுபடி ஒரு துணுக்கு எடுத்திருக்கிறார்கள். அது இப்போது எங்கோ ஒரு பெட்டியின் வெதுவெதுப்பில் வளர்கிறது. வார்ப்பைப் போலத் தட்டிப் பார்க்க முடியாத தூரத்தில், என்னைவிட வேகமாக, நானே. வாரங்களை இப்போது நாட்காட்டியில் எண்ணுவதில்லை; அந்தச் செல்கள் எத்தனை முறை இரண்டாகியிருக்கும் என்று எண்ணுகிறேன். அவன் நடையை நினைத்தால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. மூலையில் இரண்டு தடிகள் இருக்கின்றன. எழும்போது கை தானாக அவனுடையதை எடுக்கிறது.